திகட்டும் முன் அடுத்த கடை

பரோட்டாவைச் சாப்பிட்டு முடித்து, இனி ஒரு வாய்கூட இறங்காது என்று தட்டைத் தள்ளி வைக்கிறோம். முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு தெருவில், வேறொரு மேசையில், பளபளக்கும் கோழித் துண்டுகளும் இஞ்சி மணக்கும் சோறும் வந்து இறங்குகின்றன. கை தானாக நீள்கிறது. அதற்குள் வயிறு காலியாகிவிட்டதா? இல்லை. நெய்யும் மைதாவும் சேர்ந்த அந்தப் பரோட்டா இரைப்பையை விட்டு முழுதாக நகர இன்னும் சில மணி நேரம் ஆகும். அப்படியானால் இந்தப் பசி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை நின்று நிதானித்துக் கேட்க சிங்கப்பூரைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்தாறு பேராகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டியின் பின்னால் கடை கடையாக ஏறி இறங்கும் உணவு உலா இன்று பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே நடையாய் நடக்க வேண்டும். சிங்கப்பூரிலோ ஐம்பது, நூறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்குள்ள தமிழர்கள் உணவங்காடி நிலையம் என்று சொல்லும் இந்த இடங்கள் தீவு முழுக்க 110க்கும் மேல். சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மாடியில் மட்டும் இருநூறு கடைகளுக்கு மேல் இருக்கின்றன. இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே கவனிக்க வேண்டியது கடைகளின் எண்ணிக்கையைவிட, கடைக்கு ஒரு பண்டம் என்ற வழக்கம்தான். ஒருவர் மீன் உருண்டை நூடுல்ஸ் மட்டும் போடுவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் முப்பது வருடமாக முள்ளங்கிக் கேக்கை மட்டும் வாணலியில் புரட்டிக்கொண்டிருப்பார். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்துக்குப் பிழைக்க வந்த ஹொக்கியன், தியோச்சியூ, ஹைனான் சீனர்களும், தமிழர்களும், ஜாவா, மலாக்காவிலிருந்து வந்தவர்களும் தெருவில் நின்றுதான் உணவு விற்றார்கள். காவுதடியின் ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் பானை. ஒரு தோள் தாங்கக்கூடியது ஒரு பண்டத்தைத்தான். 1965இல் தனிநாடு ஆனபின் அரசு தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தது; 1971 தொடங்கி 1986 வரை படிப்படியாகத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுவந்தது. காவுதடி போய்விட்டது, ஒரு பண்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக, ஒன்றைத் தின்று இன்னொன்றுக்கு நகரும் மனித வாயைப் பரிசோதிக்க ஓர் ஆய்வுக்கூடமே தற்செயலாக அமைந்துவிட்டது.

உலா பெரும்பாலும் லிட்டில் இந்தியாவில், தேக்கா நிலையத்தில் தொடங்கும். இறங்கியதும் முதல் வேலை மேசை பிடிப்பது. ஒரு பொட்டலம் டிஷ்யூ தாளை மேசைமேல் வைத்துவிட்டால் அது உங்கள் இடம். யாரும் தொட மாட்டார்கள். இதைச் சட்டமாக யாரும் போடவில்லை, ஆனாலும் ஊரே மதிக்கிறது. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் அடுக்கிவிட வேண்டும் என்பதற்கு மட்டும் 2021 முதல் சட்டமே இருக்கிறது. எங்களை அழைத்துப்போன வழிகாட்டி இவற்றோடு தன் விதி ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: “ஆளுக்கொரு தட்டு கிடையாது. ஆறு பேருக்கு ரெண்டு தட்டு. பத்தலைன்னு தோணினா சரியாப் போறோம்னு அர்த்தம்.” அவர் சிக்கனத்துக்காகச் சொல்கிறார் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அப்படியில்லை என்பது பின்னால் விளங்கும்.

“அண்ணே, தே தாரே ஆறு!” என்று குரல் கொடுத்ததும் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். துணிப்பையில் வடிகட்டிய கடுந்தேநீர், அடியில் கெட்டிப்பால். சர்க்கரை ஏறிய கெட்டிப்பால் தண்ணீரைவிட அடர்த்தியானது; சும்மா ஊற்றினால் அடியிலேயே படிந்து கிடக்கும். கடைக்காரர் ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பளவில் இருக்கும் இன்னொன்றுக்குள் ஊற்றுகிறார். நம் ஊர் டீக்கடையில் ஆற்றுவார்களே, அதேதான், கொஞ்சம் கூடுதல் சாகசத்தோடு. அந்த நீண்ட தாரை காற்றில் குளிர்கிறது, விழும் வேகத்தில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, கெட்டிப்பாலைக் கிளறிக் கலக்குகிறது. உள்ளே போன காற்றுக் குமிழ்களைப் பாலின் புரதங்கள் சுற்றி வளைத்து மெல்லிய தோலாக நிற்பதால் நுரை உடனே அடங்காமல் நிற்கிறது. வேறொரு வேலையும் உள்ளே நடக்கிறது. தேநீரின் டானின்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் துவர்க்கிறது. பாலில் கேசின் என்ற புரதம் ஏராளம். டானின் முதலில் அதனோடு ஒட்டிக்கொள்வதால் நாக்குக்கு வந்து சேரும் துவர்ப்பு குறைந்துவிடுகிறது. அவ்வளவு கடுப்பான தேநீரை அவ்வளவு சுகமாகக் குடிக்க முடிவது இதனால்தான்.

கூடவே பரோட்டா, அந்த ஊரில் பிராட்டா. மொறுமொறுப்பான மேல்தோல், உள்ளே அடுக்கடுக்கான மென்மை, தொட்டுக்கொள்ள மீன் குழம்பு. முதல் வாய் அமிர்தம். மூன்றாவது வாய் நன்றாயிருக்கிறது. ஒருவரே இரண்டு பரோட்டாவை முடித்தால் கடைசி வாய் வெறும் மைதா. பரோட்டா மாறவில்லை, குழம்பும் மாறவில்லை.

மாறியது என்ன என்று ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ரோல்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். செய்முறை எளிமையானது. எட்டு விதமான உணவுகளை ஒவ்வொரு வாய் ருசிக்கக் கொடுத்து, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் வயிறாரச் சாப்பிடவைத்தார்கள். முடித்து இரண்டே நிமிடத்தில் எட்டையும் மறுபடி ருசிக்கச் சொன்னார்கள். சாப்பிட்ட பண்டத்தின் மதிப்பெண் சடாரென விழுந்திருந்தது. சாப்பிடாத மற்றவை ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தன. வயிறு நிரம்பியதால் வந்த வெறுப்பு என்றால் எட்டும் சேர்ந்தல்லவா விழ வேண்டும்? அதோடு, இரண்டு நிமிடத்தில் உணவு செரித்து இரத்தத்தில் கலக்கவும் வழியில்லை. அப்படியானால் இந்தத் திகட்டல் வயிற்றிலிருந்து வருவதில்லை. அந்தப் பண்டத்தின் மணம், சுவை, பதம், நிறம் ஆகியவற்றைப் புலன்கள் கண்டு சலிப்பதால் வருகிறது. புலன்வழித் திகட்டல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் மறுபக்கம்தான் உணவு உலாவின் மூலதனம். நான்கு வகைப் பூரணம் வைத்த சாண்ட்விச்சுகளை அடுத்தடுத்துக் கொடுத்தபோது, ஒரே வகையைக் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போனது. ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு பண்டங்களை முழுச் சாப்பாடாகப் பரிமாறியபோது, ஒரே பண்டத்தைச் சாப்பிட்டவர்களைவிட 60 சதவீதம் அதிகக் கலோரியை உட்கொண்டார்கள். மாவு ஒன்றே, சுவையும் ஒன்றே, உருவம் மட்டும் வேறுவேறாக இருந்த பாஸ்தாவைக் கொடுத்தபோதுகூட அளவு கூடியது. வாய் என்பது இவ்வளவு எளிதில் ஏமாறக்கூடியது.

மூளைக்குள் இது நடக்கும் இடமும் ஓரளவு தெரிந்திருக்கிறது. கண்குழிக்கு நேர்மேலே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் புறணிப் பகுதியில், சுவைக்குத் துடிக்கும் நரம்பணுக்களை எட்மண்ட் ரோல்ஸ் குரங்குகளில் பதிவு செய்தார். இனிப்புக் கரைசலைக் குரங்கு போதும் போதும் என்னும்வரை குடித்தபின் அந்த அணுக்கள் அதற்கு மட்டும் மௌனமாகிவிடுகின்றன. பழச்சாற்றைக் கொடுத்தால் மறுபடி துடிக்கின்றன. நாக்கு அதுவரை அனுப்பிய அதே செய்தியைத்தான் இப்போதும் அனுப்புகிறது. அது இனி வேண்டுமா என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது.

எனக்கு இந்த ஆய்வுகளில் மிகவும் பிடித்தது நினைவிழந்தவர்களைப் பற்றியது. மூளைப் பாதிப்பால் சில நிமிடங்களுக்கு முன் நடந்ததையே மறந்துவிடும் இருவருக்கு, சாப்பாடு முடிந்து பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் இன்னொரு சாப்பாட்டை வைத்தார் பால் ரோசின். 1998இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் அதையும் சாப்பிட்டார்கள். பெரும்பாலும் மூன்றாவதையும் தொட்டார்கள். அதாவது, போதும் என்று நாம் நிறுத்துவதில் சாப்பிட்டோம் என்ற நினைவுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து, 2008இல், சூசன் ஹிக்ஸ் இதே போன்ற நோயாளிகளிடம் புலன்வழித் திகட்டலைச் சோதித்தார். அது சிதையாமல் இருந்தது! சாண்ட்விச் சாப்பிட்டதே அவர்களுக்கு நினைவில்லை; ஆனால் சாண்ட்விச் அலுத்துவிட்டது. எதனால் அலுத்தது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நினைவோடு கலக்காமல், தனியாக ஒரு கணக்கை வாய் வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒரு கணக்கு எதற்கு? எதையும் தின்று பிழைக்கும் விலங்குக்கு ஒரே உணவில் எல்லாச் சத்தும் கிடைக்காது. கிழங்கு நிறையக் கிடைக்கிறது என்று கிழங்கையே தின்று திருப்திப்பட்ட மூதாதையரைவிட, அதில் அலுத்துப்போய் மீனையும் பழத்தையும் தேடிப்போனவர் நன்றாக வாழ்ந்திருப்பார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இந்த அறிவோடு வழிகாட்டி வைத்திருந்த வரிசையைப் பார்த்தால் அது வெறும் போக்குவரத்து வசதிக்காகப் போட்டதில்லை என்பது புரியும். தேக்காவிலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். அங்கிருந்து 1827இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவிலின் கோபுரத்தைக் கடந்து நடந்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். பொரித்த, சூடான, காரமான பரோட்டாவுக்கு அடுத்து அவர் வைத்திருந்தது எல்லா வகையிலும் அதற்கு எதிரான ஒன்று: ஹைனான் கோழிச்சோறு. இதில் காரமோ மொறுமொறுப்போ கிடையாது. கோழி வெதுவெதுப்பாகக்கூட இருக்காது.

முழுக் கோழியைக் கொதிக்காத, கொதிக்கப்போகும் நிலையில் உள்ள நீரில் வேகவைக்கிறார்கள். தசைப் புரதங்கள் எல்லாம் ஒரே சூட்டில் சுருங்குவதில்லை. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஒரு புரதம் இறுகத் தொடங்குகிறது. 65க்கு மேல் இன்னொன்று சுருங்கி, துணியைப் பிழிவதுபோல் சாற்றை வெளியே தள்ளுகிறது. தளதளவெனக் கொதிக்கவிட்டால் இறைச்சி சக்கையாகிவிடும். வெந்ததும் கோழியை அப்படியே பனிக்கட்டி நீரில் முக்கிவிடுகிறார்கள். உள்ளே தொடரும் வேக்காடு நின்றுபோகிறது. தோலில் இருந்த கொலாஜன் சூட்டில் ஜெலட்டினாக மாறியிருக்கும் அல்லவா, அது குளிரில் உறைந்து தோலுக்கும் சதைக்கும் நடுவே வழுவழுப்பான மெல்லிய படலமாகிறது. முதல்முறை சாப்பிடுபவர்கள் வேகவில்லையோ என்று சந்தேகப்படுவது இந்தப் படலத்தைப் பார்த்துத்தான். சோற்றில்தான் அசல் வேலை இருக்கிறது. கோழிக் கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் அரிசியும் வதக்கி, கோழி வெந்த நீரையே ஊற்றிப் பொங்குகிறார்கள். இஞ்சி, பூண்டின் மணப்பொருள்களில் பல தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. ஒவ்வொரு பருக்கையும் அந்தக் கொழுப்பைப் பூசிக்கொண்டு வருகிறது. எங்கள் குழுவில் ஒருவர் கோழியைத் தொடாமல் சோற்றை மட்டும் சாப்பிட்டார். தவறு சொல்ல முடியாது.

ஐந்து நட்சத்திர விடுதியின் பஃபேயிலும் நாற்பது வகை இருக்கிறதே, அங்கே இந்த மாயம் ஏன் நடப்பதில்லை? நடக்கும், ஆனால் பாதிதான். சூட்டுத் தட்டில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் உணவுகள் தம் பதத்தை இழந்து ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. பொரித்தது நமுத்துவிடும், நூடுல்ஸ் ஊறிவிடும், எல்லாமே ஒரே வெதுவெதுப்பில் இருக்கும். பெயர்ப்பலகை நாற்பது, வாய்க்கு அது நாலைந்துதான்.

உணவங்காடி அடுப்பில் இருப்பது இதற்கு நேர் எதிரானது என்பதைச் சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் பார்க்கலாம். சார் குவே தியோ என்ற பட்டை நூடுல்ஸ் வறுவலைப் போடும் ஒரு கடையின் முன்னால் நின்றோம். வியர்வைத் துண்டைக் கழுத்தில் போட்ட ஒரு முதியவர். இடது கையில் கருத்த இரும்பு வாணலி. அடுப்பின் இரைச்சலில் அவர் பேசுவது கேட்காது. அவர் பேசவும் இல்லை. வாணலியை அடுப்பு விளிம்பில் சாய்த்து முன்னே தள்ளுகிறார், பின்னே இழுக்கிறார். அந்த அசைவில் நூடுல்ஸ் முறத்தில் புடைக்கும் அரிசியாக எழும்பிப் பின்னோக்கி விழுகிறது. ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஹுங்டாங் கோவும் டேவிட் ஹூவும் சமையல்காரர்கள் இப்படிச் சோறு வறுப்பதைப் படம்பிடித்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம். அதற்குள் இரண்டு அசைவுகள் ஒன்றோடொன்று சற்றே தாளம் தப்பி நடக்கின்றன: ஒன்று முன்பின் நகர்த்தல், மற்றது சீசாப் பலகையின் சாய்வு. அந்தத் தாளப் பிசகுதான் உணவைத் தூக்கி எறிகிறது. இரும்பு நெருப்பாய்க் கொதித்தாலும் அதில் பருக்கை ஒட்டுவது கணநேரம்தான். அடுத்த நொடி காற்றில் இருக்கிறது. அதனால் கருகுவதில்லை, சிவக்கிறது.

அந்தச் சிவப்பில்தான் மணம் இருக்கிறது. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் கடுஞ்சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களைப் பிறப்பிக்கும் வேதிவினையை 1912இல் லூயி கமீல் மயார் விவரித்தார். தோசையின் பொன்னிறமும் வறுத்த காப்பிக் கொட்டையின் வாசனையும் அந்த வினைதான். வாணலி தூக்கிப் போடும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் நெருப்பில் பட்டு எரிந்து, அந்தப் புகைவாசம் மீண்டும் உணவில் படிகிறது. இவை எளிதில் ஆவியாகும் பொருள்கள். பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டுபோனால் ருசி பாதி வழியிலேயே போய்விடும். நான்கைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் இந்தத் தட்டை அங்கேயே, அப்போதே, நாக்கைச் சுட்டுக்கொண்டு சாப்பிடுவதுதான் முறை.

இனி, கூட்டம் என்ற விஷயத்துக்கு வருவோம். தனியாகச் சாப்பிடும்போதைவிடப் பிறரோடு சாப்பிடும்போது நாம் அதிகம் சாப்பிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஜான் டி கேஸ்ட்ரோ 1989இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி உண்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர்களின் கணக்கைப் பார்த்தார். துணையோடு உண்ட வேளைகள் தனியாக உண்டவற்றைவிடச் சராசரியாக 44 சதவீதம் பெரியவை. முக்கியக் காரணம் நேரம் நீள்வது. பேச்சு ஓடும் மேசையில் யாரும் எழுந்திருப்பதில்லை, கை சும்மாவும் இருப்பதில்லை. ஆனால் இது உற்றார், நண்பர்களோடுதான் முழுதாகப் பலிக்கும். முன்பின் தெரியாதவர்கள் எதிரே நாம் அடக்கி வாசிக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு எடுக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து அந்த அளவே எடுக்கிறோம். உணவு உலாவில் இந்த மாற்றம் கண்முன்னே நடக்கும். தேக்காவில் கடைசிப் பரோட்டாத் துண்டை “நீங்க எடுத்துக்குங்க”, “இல்ல, நீங்க” என்று தட்டைச் சுற்றிவிட்டவர்கள், சைனாடவுனில் கேட்காமலே ஒருவர் தட்டில் இன்னொருவர் கைவைத்தார்கள்.

ஒரே தட்டில் சாப்பிட்டாலும் எல்லாரும் ஒரே உணவைச் சாப்பிடுகிறோமா என்பது வேறு கதை. 1931இல் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு வெண்பொடியைக் குடுவையில் போடும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று கத்தினார். ஃபாக்ஸ் பொடியை நாக்கிலேயே வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தத் தகராறிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சி, 2003இல் ஒரு கசப்பு ஏற்பியின் மரபணுவில் வந்து நின்றது. அதன் ஒரு வடிவம் உள்ளவர்களுக்குக் கடுகுக் குடும்பக் கீரைகள் கூடுதலாகக் கசக்கும். சிப்பிச் சாறு ஊற்றிய கைலான் கீரை அந்தக் குடும்பம்தான். எங்கள் மேசையில் அதை ஒருவர் ஆசையாக அள்ள, எதிரே இருந்தவர் ஒரு தண்டோடு நிறுத்திக்கொண்டார். பிடிவாதக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் நாக்குக்கு அந்தத் தட்டு வேறு தட்டாக இருந்திருக்கலாம். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பாக மணப்பதும் இப்படி ஒரு மணஏற்பி மரபணுவோடு தொடர்புடையதுதான்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு கசப்பான சங்கதியையும் சொல்லியாக வேண்டும். 1976இல் ஆந்தனி ஸ்க்லஃபானி, டெலெரி ஸ்பிரிங்கர் என்ற இருவர் ஆய்வக எலிகளுக்கு வழக்கமான தீவனத்தோடு பல்பொருள் அங்காடித் தின்பண்டங்களையும் வைத்தார்கள்: சாக்லெட் பிஸ்கட், பாலாடைக்கட்டி, வாழைப்பழம், வேர்க்கடலை வெண்ணெய், இன்னும் சில. அந்தப் பட்டியலில் இனிப்புக் கெட்டிப்பாலும் உண்டு. தே தாரேக்காரர்கள் கவனிக்க. எலிகள் கண்டபடி பருத்தன. பல வகையைத் தேடி அலையவைத்த அந்தப் பழைய கணக்கு, பல வகை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் நிறுத்தத் தெரியாமல் திண்டாடுகிறது. ஆறு பேருக்கு இரண்டு தட்டு என்ற விதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஒவ்வொரு பண்டமும் நாலு வாயோடு தீர்ந்துவிடுகிறது. முதல் வாய்களின் சுகம் மட்டும் கிடைக்கிறது. திகட்டும் வாய் வருவதற்குள் தட்டு காலி. வகையும் நிறைய, அளவும் கைக்குள்.

இனிப்புக்குத் தனி வயிறு உண்டு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை அறிவியல் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிட்டது. ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2025இல் எலிகளைக் கொண்டு இதைக் காட்டினார்கள். போதும் என்று சமிக்ஞை தரும் அதே நரம்பணுக்கள், வயிறு நிறைந்த வேளையில் சர்க்கரையைக் கண்டால் உடலே சுரக்கும் அபின் போன்ற ஒரு பொருளை வெளிவிட்டு இன்னும் தின்னத் தூண்டுகின்றன. இதன் தமிழ் விளக்கவுரை பாயசத்துக்கு இடம் வைத்துக்கொள்பவர்களுக்குத் தேவைப்படாது. சிங்கப்பூரில் அந்த இடத்தைச் செண்டோல் நிரப்புகிறது: சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், கரும்பழுப்புப் பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் அரிசிமாவுப் புழுக்கள். அந்தப் பச்சையும் வாசமும் பாண்டான் இலையிலிருந்து வருபவை. இலங்கைத் தமிழர்கள் குழம்பில் போடும் ரம்பை இலை இதுவேதான். அதன் மணத்துக்குக் காரணமான மூலக்கூறுதான் பாசுமதி அரிசியின் மணத்துக்கும் காரணம். தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். செண்டோலை முதல்முறை முகர்ந்த எங்கள் குழுவினரில் ஒருவர் “என்ன இது, பிரியாணி வாசனை வருது?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் மூக்கு சரியாகத்தான் சொன்னது.

கடைசி நிறுத்தம் கேலாங்கில், டுரியான் கடை. அழுகிய வெங்காயம், எரிவாயுக் கசிவு என்றெல்லாம் ஏசப்படும் இந்தப் பழத்தின் வாசத்துக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். அவற்றை உற்பத்தி செய்வதில் பங்குள்ள ஒரு மரபணு டுரியானில் பல படிகளாகப் பெருகியிருக்கிறது என்பதை 2017இல் அதன் முழு மரபணுத் தொகுப்பையும் படித்துச் சொன்னவர்கள் சிங்கப்பூரின் தேசியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள். மூக்கைப் பொத்திக்கொள்பவர்களும் வாயில் போட்டதும் மனம் மாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து மூக்கின் வழியாக வரும் மணமும், மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணமும் ஒரே ஏற்பிகளைத் தொட்டாலும் மூளை அவற்றை வெவ்வேறாக எடுத்துக்கொள்கிறது என்று 1982இலேயே வாதிட்டார் மேலே பார்த்த அதே பால் ரோசின். முன்வாசல் வழியே வந்தால் நாற்றம். பின்வாசல் வழியே வந்தால் பாதாமும் வெண்ணெயும் கலந்த ருசி.

ஆனால் வாயில் போட வேண்டுமே! அதற்குத்தான் கூட்டம். கனடாவின் பென்னட் கேலெஃப் எலிகளில் கண்டது இது: ஒரு புதிய உணவைத் தின்றுவிட்டு வந்த எலியின் மூச்சை முகர்ந்த இன்னொரு எலி, பிறகு அந்த உணவையே தேடித் தின்கிறது. உணவின் மணம் மட்டும் போதாது; உயிருள்ள எலியின் மூச்சில் இருக்கும் கார்பன் டைசல்ஃபைடும் அதோடு சேர்ந்து வர வேண்டும். அதுவும் ஒரு கந்தகச் சேர்மம் என்பது வேடிக்கை. தின்றவன் உயிரோடு திரும்பி வந்திருக்கிறான் என்பதற்கு எலிக்கு அது போதுமான சாட்சி. நாங்கள் யாரும் யாருடைய மூச்சையும் முகரவில்லை. கடைக்காரர் பழத்தைப் பிளந்து, பிளாஸ்டிக் கையுறைகளை நீட்டினார். பலாச்சுளை தின்று வளர்ந்த பண்ருட்டிக்காரர் ஒருவர் முதலில் ஒரு சுளையை எடுத்தார். மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது சுளைக்குக் கை நீட்டியதும், “நமக்கு வேண்டவே வேண்டாம்” என்று தேக்காவிலேயே அறிவித்திருந்த அம்மாவும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாமா என்று அவர்தான் கேட்டார். வழிகாட்டி சிரித்தார். ரயிலில் புகைபிடித்தால் ஆயிரம் வெள்ளி, தின்றால் ஐந்நூறு வெள்ளி என்று அபராதத்தோடு எழுதிப்போட்டிருக்கும் பலகையில் டுரியானுக்கும் தடை உண்டு; அதற்கு மட்டும் தொகை எதுவும் போடவில்லை. துணிந்து கேட்க ஆளில்லாததால் அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.